ஒரே வேலை, ஊருக்கொரு கூலி: சேலம் – நாமக்கல் சமவெளி வழியே ஒரு வரலாறு

ஒரே தொழிலைச் செய்யும் தொழிலாளர்களுக்கு, அவர்கள் வேலை செய்யும் ஊரையோ மாநிலத்தையோ பொறுத்து வெவ்வேறு கூலி கிடைப்பதை வட்டாரக் கூலி வேறுபாடு என்பர். இந்திய ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022–23ஆம் ஆண்டில் ஊரகப் பகுதியில் பொது வேளாண் வேலை செய்த ஆண் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். நாட்டின் சராசரி 346 ரூபாய். ஊரகக் கட்டட வேலையிலும் இதே நிலைதான். கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 501 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 279 ரூபாய்.

மண்வெட்டியும் கரணையும் எல்லா மாநிலத்திலும் ஒன்றே. அரிசி, பருப்பு, எண்ணெய் விலைகள் மாநிலத்துக்கு மாநிலம் ஓரளவு மாறினாலும் மூன்று மடங்கு மாறுவதில்லை. அப்படியிருக்க, கூலி மட்டும் மூன்று மடங்கு மாறுவது ஏன் என்பது பொருளியல் வரலாற்றின் பழைய கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்வியை ஆராயச் சேலம் – நாமக்கல் சமவெளி பொருத்தமான இடமாகும். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் வறட்சியாலும் இங்கிருந்து மக்கள் இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். 20ஆம் நூற்றாண்டில் லாரி ஓட்டவும் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் இந்தியா முழுவதும் சென்றனர். இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் இங்கே வருகின்றனர். ஆள் அனுப்பும் ஊராகவும் ஆள் பெறும் ஊராகவும் இருந்ததால், கூலி வேறுபாட்டின் இரு பக்கங்களையும் இங்கே காணலாம்.

தானியக் கூலியின் காலம்

இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இப்பகுதியில் இரு வகை நிலங்கள் உண்டு. காவிரிக் கரையில் உள்ள மோகனூர், பரமத்தி வேலூர் பகுதிகள் வாய்க்கால் பாசனம் பெற்றவை. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜ வாய்க்கால் இவற்றுள் பெயர் பெற்றது. இங்கே நெல், கரும்பு, வாழை, வெற்றிலை விளையும். ஆற்றை விட்டு விலகிய ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு பகுதிகளின் பெரும்பங்கு மானாவாரி. அங்கே சோளம், கம்பு, ராகி, நிலக்கடலை ஆகியவை மழையை நம்பி விளைந்தன.

கூலியும் இதன்படியே பிரிந்தது. ஆற்றுப் பாசனப் பகுதியில் நெல்லாகவும், புன்செய்ப் பகுதியில் சோளமாகவோ கம்பாகவோ ராகியாகவோ அளக்கப்பட்டது. பண்ணையாள் என்ற ஆண்டு ஆளுக்குத் தானியமும், ஆண்டுக்கு ஓரிரு துணியும், பண்டிகைப் படியும் கிடைக்கும். அறுவடை நாட்களில் மட்டும் வருபவருக்குக் களத்திலேயே கூலி அளக்கப்படும். அளக்கும் படி, வள்ளம், மரக்கால் ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபட்டதால், ஓர் ஊரின் கூலியை அடுத்த ஊரின் கூலியோடு ஒப்பிடுவதே கடினமாக இருந்தது.

இந்த முறைக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. தானியமாகக் கூலி வாங்குபவரை விலை உயர்வு நேரடியாகத் தாக்காது. ஆனால் விளைச்சல் பொய்த்தால் விலையோடு வேலையும் போய்விடும். மேலும் பண்ணையாளின் கூலி பெரும்பாலும் சாதி, கடன், வழக்கம் ஆகியவற்றால் நிர்ணயமானது. அடுத்த வட்டத்தில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அறிந்தாலும் கடனை அடைக்காமல் அவர் புறப்பட முடியாது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறையைச் சட்டப்படி செல்லாததாக்கியது. கடனால் கட்டப்பட்ட நிலை அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

கூலியை எழுதி வைக்கத் தொடங்கிய காலம்

வட்டாரத்துக்கு வட்டாரம் கூலி மாறுவதை எழுதி ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஆடம் சுமித். 1776இல் வெளியான தம் நூலில், சாதாரண உழைப்பின் நாட்கூலி லண்டனில் 18 பென்னி என்றும், சில மைல் தள்ளினால் 14 அல்லது 15 பென்னியாகக் குறைகிறது என்றும், எடின்பரோவில் 10 பென்னி என்றும், அதற்குச் சற்றுத் தள்ளி 8 பென்னி என்றும் அவர் குறிப்பிட்டார். பொருள்களின் விலை இந்த அளவுக்கு வேறுபட்டால் வணிகர்கள் உடனே சரக்கை ஏற்றிச் சென்று வேறுபாட்டைக் குறைத்துவிடுவர். மனிதர்கள் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. எனவே கூலி வேறுபாடு நிலைத்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

பிரித்தானிய இந்தியாவில் 1873ஆம் ஆண்டு முதலான கூலிகள் தொடர்ச்சியாகத் தொகுக்கப்பட்டு, விலையும் கூலியும் பற்றிய அரசு வெளியீடுகளில் இடம்பெற்றன. இவற்றில் வேளாண் கூலியாள், குதிரைக்காரர், கொத்தர் – தச்சர் – கொல்லர் எனச் சில தொழில்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. எல்லா மாவட்டத்திலும் இருக்கும் தொழிலைத் தேர்ந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது காரணம். இந்தப் பதிவுகளில் குறைகள் உண்டு. வட்டாட்சியர் அலுவலகங்களில் பழைய எண்ணையே திரும்ப எழுதியதும், தானியக் கூலியைத் தோராயமாகக் காசாக்கியதும் பின்னாளைய ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. எனினும் ஒரே தொழில், வெவ்வேறு மாவட்டம் என்ற ஒப்பீடு அரசுப் பதிவில் நிலைபெற்றது இவற்றின் வழியேதான்.

பஞ்சக் கூலி

தாது ஆண்டுப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் நினைவில் நின்ற 1876–78 பெரும்பஞ்சத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. இறப்பு, பிறப்புக் குறைவு, வெளியேற்றம் மூன்றும் இதற்குக் காரணம்.

பஞ்ச நிவாரணப் பணிகளில் தரப்பட்ட கூலி, வட்டார வேறுபாட்டுக்கு ஒரு கொடிய சான்று. 1873–74இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி வரவழைத்து நிவாரணம் நடத்தினார். இறப்பு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அதிகம் செலவிட்டதாக அவர் கண்டிக்கப்பட்டார். 1877இல் அதே அதிகாரி சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று நிர்ணயித்தார். கல் உடைக்கவும் மண் சுமக்கவும் இந்த உணவு போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் எதிர்த்தார். பின்னர் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது.

வேலையும் ஒன்று, நிர்ணயித்தவரும் ஒருவர். நான்கு ஆண்டுகளில் மாறியது அரசின் செலவுக் கொள்கை மட்டுமே. கூலியைத் தருபவர் ஒருவராகவே இருந்து, பெறுபவருக்கு வேறு வழியே இல்லாதபோது, அது உயிர் தரிக்கும் அளவுக்கும் கீழே போகலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கடல் கடந்த கூலி

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களில் கணிசமானோர் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நாமக்கல், துறையூர், முசிறிப் பகுதிகளின் பெயர்கள் மலையகத் தமிழரின் குடும்ப நினைவுகளில் இன்றும் வழங்குகின்றன. கங்காணி என்ற ஆள்சேர்ப்பவர் முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆட்களை அழைத்துச் சென்றார். ஊரில் கிடைத்ததைவிடக் கூடுதல் கூலி என்பதே அழைப்பின் சாரம். ஆனால் வழிச்செலவும் அரிசியும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டதால், கூடுதல் கூலியின் பெரும்பகுதி கைக்கு வந்து சேரவில்லை.

ஒரு தோட்டத்திலிருந்து கூலி அதிகமுள்ள மற்றொரு தோட்டத்துக்கு மாறவும் தடை இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ என்ற சீட்டு இல்லாமல் அவர் நகர முடியாது. புதிய தோட்டம் கடனை அடைத்து அவரை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தொடரும். இத்துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அதன் பின் 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1929 முதல் இலங்கைத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. அது நிலத்தின் உயரத்தை வைத்து மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது.

மேல்நாடு: ஆண் 54 சதம், பெண் 43 சதம், சிறுவர் 32 சதம்.
நடுநாடு: ஆண் 52 சதம், பெண் 41 சதம், சிறுவர் 31 சதம்.
தாழ்நாடு: ஆண் 50 சதம், பெண் 40 சதம், சிறுவர் 30 சதம்.

மேட்டுப் பகுதியில் வாழ்க்கைச் செலவு கூடுதல் என்பதே பிரிவினைக்குச் சொல்லப்பட்ட காரணம். இப்பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்நாட்டு ஆணுக்கும் தாழ்நாட்டு ஆணுக்கும் உள்ள வேறுபாடு 4 சதம். ஒரே தோட்டத்தில் வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு 10 அல்லது 11 சதம். மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருந்ததைவிடப் பெரிய இடைவெளி ஒரே வீட்டுக்குள் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் இந்த வீதங்களும் குறைக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்: கூலி, வெளியூர் ஆள், சட்டம்

இந்தியாவின் முதல் வேளாண் தொழிலாளர் விசாரணை 1950–51இல் நடந்தது. அதன்படி ஆணின் சராசரி நாட்கூலி 109 காசு, பெண்ணுக்கு 68 காசு. 1956–57இல் நடந்த இரண்டாம் விசாரணையில் இவை முறையே 96 காசாகவும் 59 காசாகவும் குறைந்திருந்தன.

கூலி குறைந்த வட்டாரத்து ஆட்கள் கூலி உயர்ந்த வட்டாரத்துக்கு வரும்போது என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டின் துயரமான சான்று கீழைத் தஞ்சையில் உள்ளது. நெற்கூலியை உயர்த்தக் கேட்டுத் தொழிலாளர் சங்கங்கள் போராடியபோது, நில உடைமையாளர்கள் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினர். உள்ளூர்த் தொழிலாளர்கள் அதை எதிர்த்தனர். இந்த மோதலின் உச்சமாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அனைவரும் தலித் மக்கள். அதன் பின் 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அப்பகுதிக்கென இயற்றப்பட்டது.

சேலம் – நாமக்கல் பகுதியின் மாற்றம் வேறு வழியில் நடந்தது. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அதன் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் 1950களில் பாசனத்துக்கு வந்தன. கிணற்றுப் பாசனம் பெருகியது. அதைவிட முக்கியமாக, வேளாண்மைக்கு வெளியே வேலைகள் தோன்றின. தோட்டத்து வேலைக்குக் குறைந்த கூலி தந்தால் ஆள் தறிக்கோ லாரிப் பட்டறைக்கோ போய்விடுவார் என்ற நிலை வந்தபோது, தோட்டத்துக் கூலியும் உயர வேண்டியதாயிற்று.

தறி, லாரி, ரிக் வண்டி

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விசைத்தறிகள் 1960களுக்குப் பின் பெருகின. தறித் தொழிலாளிக்கு நாட்கூலி கிடையாது. நெய்த மீட்டருக்கு இவ்வளவு என்பதே வழக்கம். எனவே நூலின் தரம், பாவு அறுந்துபோகும் தடவைகள், மின்தடை, ஒருவர் பார்க்கும் தறிகளின் எண்ணிக்கை ஆகியவையும் கூலியைத் தீர்மானிக்கின்றன.

தறி உரிமையாளர்களிலும் பலர் கூலிக்கு நெய்பவர்களே. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று, நெய்து தந்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகின்றனர். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இந்தக் கூலிக்கான பேச்சுவார்த்தையில் ஊர்ப் பெயராலேயே துணி ரகங்கள் வழங்கப்படுகின்றன. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு என்று அறிவிக்கப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி நெடிய வேலைநிறுத்தம் நடந்தது. மேலே உள்ள கூலி உயராமல் கீழே உள்ள தறித் தொழிலாளியின் கூலி உயர்வதில்லை.

தறித் தொழிலில் தோட்டத் துண்டின் சாயலில் ஒரு வழக்கம் உள்ளது. அது முன்பணம். உள்ளூரில் இதைப் பாக்கி என்பர். வேலைக்குச் சேரும்போது உரிமையாளரிடம் ஒரு தொகையைப் பெற்றால், அதைத் திருப்பித் தரும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாது. பவானி, குமாரபாளையம் நெசவாளர்களிடையே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேர்ட் டி நேவ் இதில் இரு பக்கங்களைக் கண்டார். முன்பணம் தொழிலாளியைக் கட்டுகிறது. அதே சமயம் ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில், புதிய உரிமையாளரிடம் பெரிய முன்பணம் பெற்றுப் பழைய கடனை அடைத்து இடம் மாறவும் தொழிலாளிகள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

நாமக்கல்லின் லாரித் தொழில் வேறு விதமானது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் ரயில் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே லாரி கூண்டு கட்டும் பட்டறைகளும், சரக்கு லாரிகளும், எரிவாயு டேங்கர் லாரிகளும் இவ்வூரின் அடையாளமாகிவிட்டன. ஓட்டுநருக்குச் சம்பளத்தோடு நடைக்கு இவ்வளவு படி என்ற கணக்கும் உண்டு. வண்டி நாடு முழுவதும் ஓடுகிறது. ஆனால் கூலி பேசப்படுவது நாமக்கல்லில். வேலை நடக்கும் இடத்தைவிட ஒப்பந்தம் நடக்கும் இடமே கூலியைத் தீர்மானிப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் அவ்வாறே. ஆந்திரம், தெலங்கானா, மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் எனப் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இவ்வட்டாரத்துப் பதிவெண்ணோடு செல்கின்றன. மாதக்கணக்கில் ஊரை விட்டிருப்பதும், இரவு பகல் பாராத வேலையும், புழுதியும், இரைச்சலும் சேர்ந்த தொழில் இது. தொடக்கத்தில் உள்ளூர் இளைஞர்களே இதில் சென்றனர். கல்வியும் வேறு வேலையும் பெருகப் பெருக அவர்கள் குறைந்து, ஒடிசா, சத்தீசுகர், ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள் அந்த இடத்துக்கு வந்தனர். கோழிப் பண்ணைகளிலும் இதே மாற்றம் நடந்தது. பண்ணைக்குள்ளேயே குடும்பத்தோடு தங்கித் தீவனம் போட்டு முட்டை பொறுக்கும் வேலையில் இன்று வடமாநிலத்தவர் பலர் உள்ளனர்.

சட்டம் வரைந்த எல்லைகள்

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பட்டியலில் உள்ள வேலைகளுக்கு அரசு ஊதியம் நிர்ணயிக்க வழி செய்தது. வெவ்வேறு வட்டாரங்களுக்கு வெவ்வேறு வீதம் நிர்ணயிக்கலாம் என்பதையும் அச்சட்டமே ஏற்றது. தமிழ்நாட்டின் அறிவிக்கைகளிலும் சில வேலைகளுக்கு மாநகராட்சி, நகராட்சி, பிற ஊர்கள் என மண்டலங்கள் உண்டு. மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட கட்டட வேலைகளில், திறன் தேவைப்படாத தொழிலாளிக்கு 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் ஏ பிரிவு ஊர்களில் 523 ரூபாய், பி பிரிவில் 437 ரூபாய், சி பிரிவில் 350 ரூபாய்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்த வேறுபாடு எப்படிக் கையாளப்படுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒரே பதவியில் இருக்கும் இரு மத்திய அரசு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்றே. அகவிலைப்படி விழுக்காடும் ஒன்றே. வீட்டு வாடகைப் படி மட்டும் 2024 முதல் ஒய் பிரிவு நகரமான சேலத்தில் 20 விழுக்காடு, இசட் பிரிவில் வரும் நாமக்கல்லில் 10 விழுக்காடு. இடையே உள்ள தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். அரசு ஊழியருக்கு வேலையின் மதிப்பு எங்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டு, வாடகை வேறுபாட்டை மட்டும் தனியே ஈடுகட்டுகிறார்கள். கூலித் தொழிலாளிக்கு அடிப்படையே மாறுகிறது.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் கூலி மாநிலவாரியாகவே அறிவிக்கப்பட்டது. 2024–25இல் அரியானாவில் 374 ரூபாய், கர்நாடகத்தில் 349, கேரளத்தில் 346, தமிழ்நாட்டில் 319, பீகாரில் 245, உத்தரப் பிரதேசத்தில் 237. ஒசூர் எல்லையில் ஒரு சாலையின் இப்புறமும் அப்புறமும் குளம் வெட்டுபவர்களுக்கு ஒரே திட்டத்தில் 30 ரூபாய் வேறுபாடு இருந்தது.

வந்தவருக்கு என்ன கூலி?

ஒடிசாவில் ‘தாதன்’ என்ற பெயரில், முன்பணம் கொடுத்து ஆட்களை வெளிமாநிலத்துக்கு அழைத்துச் செல்லும் முறை இருந்தது. அதன் கொடுமைகள் வெளிப்பட்டதன் விளைவாக 1979இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்ததாரர் வழியே வந்த தொழிலாளிக்கு, அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளியின் ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அது கூறியது. இடப்பெயர்வுப் படியும் பயணப் படியும் தர வேண்டும் என்றது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதாவது, சொந்த ஊரில் கூலி குறைவு என்பது வந்த ஊரில் குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது. நடைமுறையில் இவ்விதி எளிதில் மீறப்படுகிறது. பீகாரில் கிடைப்பதைவிடக் கூடுதல், நாமக்கல்லில் உள்ளூராருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு என்ற இடைப்பட்ட தொகையில் ஒப்பந்தம் முடிந்தால், தொழிலாளியும் புகார் சொல்வதில்லை, முதலாளிக்கும் லாபம். இழப்பு ஏற்படுவது அதே வேலைக்குப் பேரம் பேச வேண்டிய உள்ளூர்த் தொழிலாளிக்கு. வந்தவர் மீது அவர் கோபப்படுவது இயல்பாக நடக்கிறது. ஆனால் கூலியை நிர்ணயித்தவர் வந்தவர் அல்லர்.

கேரளத்தின் அனுபவம் இங்கே பயனுள்ளது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குக் கட்டட வேலைக்கும் மண் வேலைக்கும் பலர் சென்றனர். தமிழ்நாட்டில் கூலி உயர்ந்து அந்த வரவு குறைந்தபோது, வங்காளம், அசாம், ஒடிசாத் தொழிலாளர்கள் அவ்விடத்தை நிரப்பினர். வளைகுடாப் பயணத்தால் ஆள் குறைந்ததும், வலுவான தொழிற்சங்கங்களும், பள்ளிக் கல்வியும் சேர்ந்து அங்கே கூலியை உயர்வாக வைத்திருக்கின்றன.

கூலியை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டு ஊர்களின் நாட்கூலியை மட்டும் எடுத்து ஒப்பிடுவது போதாது. முதலாவது, வேலை நேரம். 8 மணி நேரக் கூலியையும் 12 மணி நேரக் கூலியையும் நேராக ஒப்பிட முடியாது. இரண்டாவது, ஆண்டில் எத்தனை நாள் வேலை என்பது. வெற்றிலைக் கொடிக்காலில் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. மானாவாரி நிலத்தில் சில மாதங்களே. மூன்றாவது, உணவும் தங்குமிடமும் கூலிக்குள் அடங்குமா என்பது. நான்காவது, முன்பணத்துக்கும் வழிச்செலவுக்கும் பிடித்தம் உண்டா என்பது. ஐந்தாவது, அந்த ஊரில் வாடகை, உணவு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் விலை. இந்த ஐந்தையும் கழித்துப் பார்த்த பின் எஞ்சும் வேறுபாடே உண்மையான வட்டாரக் கூலி வேறுபாடு.

அப்படிக் கழித்த பின்னும் பெரிய வேறுபாடு எஞ்சினால், மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அந்தத் தொழிலாளிக்கு அருகில் வேறு வேலை உண்டா? கடனின்றி இடம் மாற முடியுமா? சேர்ந்து பேரம் பேசச் சங்கமும், மீறினால் கேட்கச் சட்டமும் உண்டா? தோட்டத் துண்டு முதல் தறிப் பாக்கி வரை, இச்சமவெளி மக்களின் வரலாற்றில் கூலி தாழ்ந்திருந்த இடங்களில் இவற்றுள் ஒன்றுக்காவது இல்லை என்பதே விடையாக இருந்தது.

ஒரே தரைக்கூலி

1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியம் ஒரு குடும்பத்தின் உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும் என்றது. 1991இல் சென்னைத் தொழிற்சாலை ஒன்று தொடர்பான ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேலையின் தன்மையோடு வாழ்வின் தேவையையும் பார்க்க வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை.

2019இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு, நாடு முழுமைக்கும் நாளுக்கு 375 ரூபாய் என்ற ஒரே குறைந்தபட்ச ஊதியத்தைப் பரிந்துரைத்தது. மாற்றாக ஐந்து வட்டாரங்களுக்குத் தனித்தனி வீதங்களையும் தந்தது. பீகார், ஒடிசா உள்ளிட்ட முதல் வட்டாரத்துக்கு 342 ரூபாய். தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மூன்றாம் வட்டாரத்துக்கு 414 ரூபாய். அதே ஆண்டு நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மத்திய அரசு தரைக்கூலி நிர்ணயிக்க வேண்டும், மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதியம் அதற்குக் கீழே போகக்கூடாது என்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் தரைக்கூலி மாறலாம் என்றும் இடம் விடுகிறது.

வட்டார வீதத்தை ஆதரிப்பவர்கள், ஒரே உயர்ந்த வீதம் விதித்தால் ஏழை மாநிலங்களில் சிறு தொழில்கள் மூடப்படும் என்கின்றனர். ஒரே தரைக்கூலியை ஆதரிப்பவர்கள், குறைந்த கூலியே ஒரு மாநிலத்தின் கவர்ச்சியாக இருந்தால் மாநிலங்கள் ஒன்றையொன்று தாழ்த்திக்கொள்ளும் என்கின்றனர். சத்பதி குழுவின் கணக்கில் முதல் வட்டாரத்துக்கும் மூன்றாம் வட்டாரத்துக்கும் உள்ள இடைவெளி 72 ரூபாய், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வாழ்க்கைத் தேவையைக் கொண்டு கணக்கிட்டால் வருவது இந்த அளவே. சந்தையில் கேரளத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் இடையே காணப்படும் மூன்று மடங்கு வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு வாழ்க்கைச் செலவில் விடை இல்லை. ஒடிசாவிலிருந்து திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு வரும் இளைஞர் பயணம் செய்வது அந்த மீதிப் பகுதிக்காகவே. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சமவெளியிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களும் அதற்காகவே போனார்கள்.